ஸ்லைடு பார்த்த தங்கச்சிக்கு



பெயரைச் சொன்னால் உங்களுக்கு என்னைத் தெரியாது. நம்பரைச் சொன்னால் தெரியும்: வெள்ளை அணு 1,86,000. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உங்கள் லேப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியபின் ஒருநாள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தேன். "டாக்டர்கிட்ட கொடுங்க அண்ணாச்சி, நான் என்ன செஞ்சேன்" என்று ஒரே ஒரு மைசூர்பாகை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை என் கையிலேயே திணித்துவிட்டீர்கள். டாக்டருக்கும் கொடுத்தேன். அது வேறு கணக்கு. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை உங்களுக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதை ஊரறியச் சொல்லிவிடலாம் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

உங்களிடம் வருவதற்கு முந்தைய மாதங்களில் எனக்கு வந்திருந்தது வாயு. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு இட்லியில் வயிறு அடைத்துவிடும். பேன்ட் இடுப்பில் நிற்காது. ராத்திரி பனியனைப் பிழியலாம் போல வேர்க்கும். ஆனால் சிவகாசியில் வேர்க்காத ராத்திரி எது? ஓமத்தண்ணீர், பெருங்காயம், இஞ்சி மரப்பா எல்லாம் முறையாக உள்ளே போயின. வயிற்றை அடைத்துக்கொண்டிருந்தது வீங்கிப்போன மண்ணீரல் என்பது பிறகு ஸ்கேனில்தான் தெரிந்தது.

ஓரிடத்தில் ரத்தமும் பார்த்தார்கள். இடத்தின் பெயர் வேண்டாம். வெள்ளை அணு 40,000-க்கு மேல் என்று வந்தது. "இன்ஃபெக்‌ஷன்" என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. வெள்ளை அணு ஏறினால் பெரும்பாலும் காரணம் கிருமியாகத்தான் இருக்கும். கர்ப்பத்தில் ஏறும், ஸ்டீராய்டு எடுத்தால் ஏறும், பெரிய காயம் பட்டாலும் ஏறும். ஆனால் இருக்கவேண்டியது 4,000 முதல் 11,000 வரை. அதைப் போல நாலு மடங்கு இருந்த ரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்து யாரும் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கவில்லை. நம்பர் வந்துவிட்டது, ரிப்போர்ட் அடித்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்தீர்கள். நான் சொல்ல வந்ததே இதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் கவுண்ட்டரில் நல்ல கூட்டம். சாப்பிட்டபின் சுகர் பார்க்க வந்தவர்கள் இரண்டு மணி நேரக் கணக்கைச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மெஷின் என் சாம்பிளுக்கு ஒரு நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டுவிட்டது. நீங்கள் ரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினீர்கள். மறுபடியும் அதே நம்பர். அதை அப்படியே பிரின்ட் எடுத்துக் கொடுத்திருந்தால் உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. "அண்ணாச்சி, கொஞ்சம் இருங்க, ஸ்லைடு பாக்கணும்" என்றீர்கள்.

தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்லைடின் ஓரத்தில் சின்னதாக ஒரு சொட்டு. இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, சொட்டைத் தொட்டு, அது விளிம்பு முழுக்கப் பரவும்வரை ஒரு கணம் நிறுத்தி, ஒரே இழுப்பு. நாக்கு வடிவத்தில் ரத்தம் மெலிந்து மெலிந்து நுனியில் இல்லாமல் போனது. காற்றில் காய வைத்தீர்கள். லீஷ்மன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம், அதன்மேல் பஃபர் தண்ணீர் விட்டு இன்னும் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வந்தீர்கள். பிறகு கழுவி, நிமிர்த்தி வைத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு, நூறு மடங்கு லென்ஸைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. சுகர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். காலண்டர் ஷீட்டை மேஜையில் விரித்து, மடக்கு லென்ஸை வைத்து, நாலு வண்ணப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. தூரத்தில் இருந்து பார்த்தால் லட்சுமி நன்றாகத்தான் இருப்பாள். லென்ஸை வைத்தால்தான் சிவப்பு மயிரிழை விலகியிருப்பது தெரியும். நீங்கள் குனிந்திருந்த தோரணையைப் பார்த்ததும் ஷீட்டில் ஏதோ விலகியிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகொரு நாள் நான் கேட்டபோது அந்த ஸ்லைடை எனக்கும் காட்டினீர்கள். முதலில் வேறு யாருடையதோ ஒரு நல்ல ஸ்லைடு. இளஞ்சிவப்பு வட்டங்கள் நிறைய, அதற்கு நடுவில் தேடினால் ஊதாக் கருவோடு ஒரு வெள்ளை அணு. அடுத்து என்னுடையது. பார்க்கிற இடமெல்லாம் ஊதா. "இதெல்லாம் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருந்து வளர வேண்டிய செல்லு அண்ணாச்சி. வளர்ந்து முடிஞ்சதுதான் ரத்தத்துக்கு வரணும். உங்களுக்கு எல்லா வயசும் வெளிய வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள்: பிளாஸ்ட், புரோமைலோசைட், மைலோசைட், மெட்டாமைலோசைட், பேண்ட், கடைசியில் கரு துண்டு துண்டாகப் பிரிந்த நியூட்ரோஃபில். நடுவயசுக்காரர்களான மைலோசைட்டுகளின் கூட்டம்தான் அதிகம். அப்புறம் உள்ளிருப்பதே தெரியாத அளவுக்குக் கருநீல மணிகள் அப்பிய ஒன்றைக் காட்டினீர்கள். பேசோஃபில். நூறு வெள்ளை அணுவை எண்ணினால் ஒன்று கிடைப்பதே அபூர்வம். எனக்கு ஏழு. கிருமிக்காக வெள்ளை அணு ஏறும்போது பேசோஃபில் இப்படிக் கூடாது என்று நீங்கள் சொன்ன பிறகுதான், அன்றைக்கு நீங்கள் ஏன் எழுந்திருக்கவில்லை என்பது விளங்கியது. முதல் நூறில் வந்த கணக்கை நம்பாமல் இன்னொரு நூறும் எண்ணியிருக்கிறீர்கள்.

எண்ணி முடித்ததும் நோயியல் டாக்டருக்குப் போன் செய்து, ராத்திரியிலேயே வரவழைத்து, அவரையும் பார்க்க வைத்தீர்கள். ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்து. கீழே, "நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவாக இருக்கலாம், மேற்பரிசோதனை தேவை" என்ற குறிப்பு. உங்கள் பெயர் எங்கும் இல்லை. அதுதான் வழக்கம் என்றீர்கள். நல்ல வழக்கமாக எனக்குப் படவில்லை.

அதற்குப் பிறகு நான் நிறையப் படித்தேன். வேலையில்லாமல் படுத்திருப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்த நோயின் கதையே உங்களைப்போல நின்று பார்த்தவர்களின் கதைதான். 1845-இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும் பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோவும் சில வார இடைவெளியில் இப்படிப்பட்ட ரத்தத்தைப் பற்றி எழுதினார்கள். மண்ணீரல் வீங்கி இறந்தவர்களின் ரத்தம் அது. பென்னட் அதைச் சீழ் என்று நினைத்தார். விர்ஷோ, இது சீழ் இல்லை, அணுக்களே பெருகிவிட்டன என்றார். நூற்றெழுபது வருஷம் கழித்தும் 'இன்ஃபெக்‌ஷனா, வேறு ஏதாவதா' என்ற அதே கேள்வி என் சீட்டில் வந்து நின்றதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பிலடெல்பியாவில் பீட்டர் நவல் என்ற டாக்டர், வளர்த்த செல்களைக் குழாய்த் தண்ணீரில் அலசப்போக, அவை உப்பி, உள்ளிருந்த குரோமோசோம்கள் பிரிந்து தெளிவாகத் தெரிந்தன. டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இளைஞரோடு சேர்ந்து தொடர்ந்து பார்த்து, இந்த நோய்க்காரர்களிடம் ஒரு குரோமோசோம் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருப்பதை 1960-இல் அறிவித்தார். ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது: பிலடெல்பியா குரோமோசோம்.

அடுத்தவர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். சிகாகோவில் ஜேனட் ரௌலி. நாலு பையன்களுக்குத் தாய், பல வருஷம் அரைநேர வேலை. குரோமோசோம் போட்டோக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கத்தரித்து ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பாராம். அம்மா காகித பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேஜையில்தான் 1972-இல் அவருக்குத் தெரிந்தது, 22-ஆம் குரோமோசோமில் காணாமல் போன துண்டு எங்கும் தொலையவில்லை, 9-இன் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. 9-இல் இருந்து ஒரு துண்டு 22-க்கும் வந்திருக்கிறது. அந்தத் துண்டு 22-இல் ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற ஒரு புது மரபணு. அது உண்டாக்கும் நொதி, வெள்ளை அணுக்களைப் பார்த்து 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பரம்பரையாக வந்ததும் இல்லை, பிள்ளைக்குப் போகப்போவதும் இல்லை என்று பிறகு என்னைப் பார்த்த மதுரை டாக்டர் சொன்னபோது என் வீட்டுக்காரி அழுதது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

மதுரையில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தம் பிசிஆர் (PCR) பரிசோதனைக்குப் போனது. நீங்கள் ஸ்லைடில் சந்தேகப்பட்டது அங்கே உறுதியானது. இன்னும் முற்றாத முதல் கட்டம், காலத்தில் வந்துவிட்டீர்கள் என்றார்கள். இது முற்றினால் பிளாஸ்ட் செல்கள் பெருகி, வேகமாகக் கொல்லும் ரத்தப் புற்றாக மாறும். மாத்திரையின் பிடிக்கும் எளிதில் அடங்காது. இன்னும் ஒரு வருஷம் ஓமத்தண்ணீரில் போயிருந்தால் நான் எந்தக் கட்டத்தில் போய் நின்றிருப்பேனோ.

மாத்திரையின் பெயர் இமாட்டினிப். 400 மில்லிகிராம், தினம் ஒன்று, சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. அந்த நொதியின் வாயை மட்டும் அடைக்கும் மருந்து. 1998-இல் பிரையன் ட்ரூக்கர் குழுவினர் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு மருந்து கைகொடுக்காமல் வந்த முதல் கட்ட நோயாளிகளில், 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்தம் இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் நாலைந்து வருஷம்தான். இன்டர்ஃபெரான் ஊசி பலரைப் படுக்க வைத்துவிடும்; பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்றம், அதிலும் உயிராபத்து. இந்த மருந்தில் தொடங்கியவர்களைப் பத்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்ததில், பத்தாம் வருஷத்தில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இந்த இடத்தில் சென்னை கிண்டிக்கும் ஒரு நன்றி. மருந்து வந்தபோது இதன் விலை மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவனுக்கு அது ஒரு வருஷச் சம்பளம். உள்நாட்டுக் கம்பெனிகள் அதையே 8,000, 10,000-க்குக் கொடுத்தன. நோவார்ட்டிஸ் கம்பெனி, அதன் ஒரு படிக வடிவத்துக்குக் கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. தெரிந்த மருந்தின் புது வடிவம், குணத்தில் கூடுதல் பலன் காட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்பது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அதைக் காட்டி 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று சுற்றி, 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றத்திலும் அதே முடிவு. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் கடைசிவரை எதிர்த்து நின்றது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அதே கம்பெனி இங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்தை இலவசமாகவும் கொடுத்தது. ஆனால் ஒருவர் மனமிரங்கிக் கொடுப்பதும், கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள முடிவதும் ஒன்றாகுமா?

மருந்து பிடித்தது. முதலில் எண்ணிக்கையை இறக்க ஹைட்ராக்ஸியூரியா கொடுத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பெருவாரியாகச் செத்துக் கரையும் அணுக்களின் யூரிக் அமிலம் சிறுநீரகத்தில் தங்கிவிடக் கூடாதாம். பிறகு இமாட்டினிப். மூன்றாம் மாத பிசிஆரில் அந்தப் புது மரபணுவின் அளவு 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், ஒரு வருஷத்தில் 0.1-க்குக் கீழே. இரண்டையும் தாண்டினேன். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்காலில் பிடிப்பு, கொஞ்சம் குமட்டல் உண்டு. இந்த மருந்து தோலின் நிறத்தையும் வெளுக்க வைக்கும். கல்யாண வீடுகளில் "என்ன மாப்ளே, கலராயிட்ட" என்று விசாரிக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்குச் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் பந்தி கலைந்துவிடும் என்று சிரித்து வைக்கிறேன்.

நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். என் வீட்டில் மாத்திரை அட்டை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பிட்டேனா இல்லையா என்று நான் யோசிக்க வேண்டியதில்லை, அதற்கு ஆள் இருக்கிறது.

தங்கச்சி, இதைப் படிக்கிறவர்களில் யாராவது தன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்து, 12,000 என்று இருக்கிறதே என்று பதறினால் அதற்கு நான் பொறுப்பாளியாகிவிடுவேன். அதனால் உங்கள் வாயால் கேட்டதையே சொல்கிறேன். நம் ஊரில் பாதி வீடுகளுக்குத் தெரிந்த ஈஸ்னோபீலியா, பெரும்பாலும் அலர்ஜி, ஆஸ்துமா, குடற்புழு. சில சமயம் யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பு. அதற்கு டிஇசி மாத்திரை கேட்கும். டெங்குவில் எல்லோரும் பிளேட்லெட்டைப் பற்றியே பேசுகிறார்கள், வெள்ளை அணுவும் இறங்குகிறது, காய்ச்சல் விட்டபின் தானே ஏறும். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனவருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழந்தை வெளிறிப்போய், காய்ச்சல் விடாமல், உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போனால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்று இன்று பெரும்பாலும் குணமாகக்கூடியது. அந்த வழியைத் திறந்த முதல் மருந்தான அமினோப்டெரினைத் தயாரித்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்து, தற்காலிகமாகவாவது நோய் பின்வாங்குவதை 1948-இல் உலகுக்குக் காட்டினார்.

இத்தனைக்கும் முதல் படி ஒரு ஸ்லைடு. இப்போது சலுகை விலையில் எழுபது, எண்பது டெஸ்ட் என்று முழு உடல் பரிசோதனை விற்கிறார்கள். பத்துப் பக்க ரிப்போர்ட், வண்ணப் படம் எல்லாம் வருகிறது. (வண்ணத்தில் பிழை இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.) அந்தப் பத்துப் பக்கத்தில் ஒரு மனிதக் கண் பட்ட வரி எத்தனை? மெஷின் வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். அந்த நட்சத்திரக் குறியைப் போட்டதே மெஷின்தான். குறியைப் பார்த்ததும் எழுந்து ஸ்லைடு எடுக்க ஓர் ஆளும், அந்த ஆளுக்கு இருபது நிமிடமும் இருக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்துக்குத் தனியாகப் பில் போட்டாலும் நான் கொடுப்பேன்.

கடைசியாக ஒன்று. போன தடவை வந்தபோது, என் ஸ்லைடைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும், டிஎம்எல்டி என்ற லேப் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். அதற்குள் கவுண்ட்டரில் யாரோ கூப்பிட, நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். தாராளமாகக் காட்டுங்கள். பேசோஃபிலை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முதலில் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அச்சகத்து அண்ணாச்சி,
சிவகாசி